அரிசோனாவில் எங்கள் குளிர்காலம்

அக்டோபர் 4
அரிசோனாவில் ஒரு கேரவன் முகாம்

மார்செல்லா அக்காவுக்கு,

முதலில் பாவமன்னிப்பு. உனக்குக் கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்று என் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபப்படாதே, நடந்ததைக் கேள். வீடியோ கூட்டங்களில் என் முதுகுக்குப் பின்னால் கேரவன் தெரியக்கூடாது. அதனால் நாங்கள் விற்ற வீட்டின் வரவேற்பறைப் படம் ஒன்றைப் பின்னணியாகப் போட்டுக்கொள்கிறேன். அந்த அறையை உருப்படியாக எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மூலையில் கிறிஸ்துமஸ் மரம், விளக்கு, நட்சத்திரம் எல்லாம் ஜோராக நிற்கிறது. ஆகஸ்டில் யாரும் கவனிக்கவில்லை. போன செவ்வாய் என் மேலாளர் கேலப், முப்பத்தொரு வயசுப் பையன், தொண்டையைச் செருமினான்.

"டோரீன், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்ல இன்னும் மரத்தை எடுக்கலையா?"

திரையில் பதின்மூன்று முகங்கள். பழைய படம் என்று சிரித்துத் தொலைத்திருக்கலாம். என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டுத் திறந்தது?

"அக்கா எடுக்க விடமாட்டேங்கிறா கேலப். மாமா போனதுலேருந்து இப்படித்தான். ஒரு பந்தைத் தொட்டாக்கூட அழறா."

கேலப்புக்குக் கண் கலங்கிவிட்டது. உன் விலாசத்துக்கு ஒரு ஆறுதல் அட்டை வரும். பேசாமல் வாங்கி வைத்துக்கொள். அலுவலகக் கணக்கில் நான் உன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதை மறந்துவிடாதே. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் நெப்ராஸ்கா எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டியது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் டுவேனின் மருத்துவக் காப்பீடும் போகும். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த புருஷன். எனக்கு ஐம்பத்தொன்பது. அறுபத்தைந்தில்தான் அரசுக் காப்பீடு வரும், அதுவரை இழுத்தாக வேண்டும்.

இருந்தும் ஏன் கிளம்பினாய் என்று பிரிவு விருந்தில் கேட்டாய். "உனக்கு அறுபத்தஞ்சு ஆகுற வரைக்கும் என் இதயம் காத்துக்கிட்டு இருக்குமா டோரீன்?" என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் காரணம். ஆனால் நீ நாற்பது பேர் நடுவில், கேரவன் வடிவத்தில் செய்த கேக்கை வெட்டும்போது, "பனி விழறதுக்குள்ள அழுதுக்கிட்டு திரும்பி வருவே பாரு" என்றாயே, அதை நான் இன்னும் விழுங்கவில்லை. கேக்கையும்தான்.

போன் செய்தால் எடுக்கமாட்டாய். "போன்ல நீ சிரிச்சே சமாளிச்சிடுவே, எழுது" என்று உத்தரவு. எழுதிவிட்டேன். இங்கே வெயில் பொன்னாகக் கொட்டுகிறது. ஆளைவிட உயரமான கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பதிலை அந்தத் தெற்கு டகோடா தபால் கடைக்கே அனுப்பு. நாங்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் தேடி அனுப்புவார்கள்.

டோரீன்


அக்டோபர் 19
டேவிட் சிட்டி, நெப்ராஸ்கா

டோரீன்,

அட்டை வந்தது. பதின்மூன்று கையெழுத்து. "அவசரமே இல்லை, மரம் இருக்கட்டும்" என்று ஒரு பெண் எழுதி, பக்கத்தில் இதயம் வரைந்திருக்கிறாள். உன் மாமா எட் உயிரோடு இருந்தவரை மரமே வேண்டாம் என்று வருஷா வருஷம் சண்டை போட்ட மனிதர். இப்போது அவருக்காக நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேனாம். கல்லறையில் சிரித்திருப்பார்.

என் நிலவறையில் உங்கள் பெட்டிகள் முப்பத்தெட்டு. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொன்னீர்கள். டுவேன் மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்: வேண்டும், வேண்டும், வேண்டுமா, வேண்டும், தெரியவில்லை. "தெரியவில்லை" என்று மட்டும் பதினோரு பெட்டி இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போக நான் பக்கவாட்டில் நடக்கிறேன்.

உங்கள் வீட்டை வாங்கியவர்கள் நல்ல மாதிரி. முன்புறம் குதித்து விளையாடும் வலை ஒன்று போட்டிருக்கிறார்கள். சமையலறையில் நின்றால் ஜன்னல் வழியாக ஒரு தலை வரும், போகும், மறுபடி வரும். முன்பு அந்த ஜன்னலில் உன் தலை தெரியும். அது குதிக்காது. கையில் காப்பிக் கோப்பையோடு "வரியா?" என்று கேட்கும்.

விருந்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ இரண்டு வீடு தள்ளி இருந்து எனக்குத் தெரியாமல் வீட்டை விற்பனைக்குப் போட்டாய். புல்வெளியில் பலகை நட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்கு நீ கேட்டாயா?

விசாரிப்பவர்களுக்கு நீ சொன்னபடியே அரிசோனா என்கிறேன். அங்கே வெயில் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே மூன்றாம் தேதி பலமான காற்று, குப்பைத் தொட்டி தெருக்கோடிக்குப் போய்விட்டது. அங்கே காற்று அடித்ததா?

மார்செல்லா


டிசம்பர் 2
அரிசோனா

அக்கா,

காற்றா? இங்கே இலை அசையவில்லை.

உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் எழுதுகிறேன். கேரவன் நீளம் முப்பது அடி. விற்றவன் "ரெண்டு பேருக்கு அரண்மனை" என்றான். அவன் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருத்தர் எட்டு மணி நேரம் ஆலங்கட்டி அடித்த கார்களின் நஷ்டஈட்டைப் பற்றிப் போனில் பேசமாட்டார் போலிருக்கிறது. சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். டுவேன் ஒரு எட்டு எடுத்து வைத்தால் தரை ஆடுகிறது, தரை ஆடினால் கேமரா ஆடுகிறது. என் பின்னணி வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் அசையாமல் நிற்க, என் தலை மட்டும் குலுங்குகிறது. "உங்க பக்கம் நிலநடுக்கமா டோரீன்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அதனால் டுவேன் காலை எட்டு மணிக்குப் பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் மாதிரி விடைபெற்று, பத்தடி தள்ளி நிற்கும் பிக்கப் வண்டிக்குள் போய் உட்காருகிறார். மதியம் சாப்பிட வருகிறார். ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார். "இன்னைக்கு ரோட்ல கூட்டமே இல்ல" என்பார். முதல் இரண்டு வாரம் சிரித்தேன்.

இனி சொல்லப்போவதைச் சாப்பிடும்போது படிக்காதே. கேரவனில் கழிவுத் தொட்டிக்கு ஒரு திறப்பு உண்டு. தொட்டி நிறையும் வரை அதை மூடியே வைக்க வேண்டும். நிறைந்ததும் திறந்தால் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். கேரவனில் இருக்கும் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியாது. திறந்தே வைத்தால் தன்பாட்டில் போய்விடுமே, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று நினைத்தேன். புத்திசாலி. தண்ணீர் தன்பாட்டில் போனது. மற்றது போகவில்லை. ஐந்து வாரம் போகாமல் இருந்து கோபுரமாகிவிட்டது.

டுவேன் குழாயும் கையுமாகக் குனிந்ததுதான் தாமதம், முகாமில் இருக்கும் ஆண்கள் நான்கு பேர் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் உதவவில்லை. யோசனை மட்டும்.

"வெந்நீர் ஊத்தணும்."

"ஐஸ் கட்டி போட்டு வண்டியை ஓட்டணும்."

"என் பெஞ்சாதியும் இதையேதான் செஞ்சா. ஆனா அது முதல் பெஞ்சாதி."

மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் குழாய் வேறு உறைந்து போனது. பாலைவனமும் குளிருமாம், யாருக்குத் தெரியும்!

அக்கா, களைப்பாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சுற்றுபவர்கள் வேறு. நான் வேலையையும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறேன். அதே கார்கள், அதே ஆலங்கட்டி, அதே கேலப். மாறியது நாற்காலி மட்டும், அதுவும் மோசமான நாற்காலி. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஆயிரத்து இருநூறு மைல்.

டோரீன்


டிசம்பர் 28
டேவிட் சிட்டி

டோரீன்,

கம்பளிப் போர்வை ஒன்றும் டுவேனுக்கு நான்கு ஜோடி கம்பளிக் காலுறையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அரிசோனாவுக்கு எதற்கு என்று கேட்காதே. இங்கே மைனஸில் போய்விட்டது, கடையில் தள்ளுபடி. எங்கே குளிர்ந்தாலும் காலில் போட்டுக்கொள்ளட்டும்.

கிறிஸ்துமஸ் பூசையில் கானி ஹ்ரூஸ்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நீ உட்காரும் இடத்தில். தெரிந்துதான் உட்கார்ந்தாள். "தங்கச்சி போன்கூடப் பண்றதில்லையாமே?" என்றாள். "கள்ளிச் செடிக்கு நடுவுல சிக்னல் கிடைக்காது கானி" என்றேன். பாட்டு முடியும்வரை யோசித்துவிட்டு, "அப்போ ஆபீஸ் வேலை மட்டும் எப்படிப் பார்க்குறா?" என்றாள். அவள் மூளை எப்போது வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நான் சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும்.

மதியம் வான்கோழி வாங்கவில்லை, கோழிதான். அதுவே மூன்று நாளைக்கு வந்தது. உங்கள் பெட்டிகளில் தட்டுகள் எதில் என்று தெரியாமல் "வேண்டுமா" ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே நான் உனக்குக் கொடுத்த சாமான்களாகவே இருந்தன. மூடிவிட்டேன்.

தொட்டி விஷயத்தைச் சாப்பிடும்போதுதான் படித்தேன்.

மார்செல்லா


பிப்ரவரி 10
அரிசோனா

அக்கா,

போர்வை வந்தது. நன்றி. அந்தப் பெட்டிக்கு "வேண்டுமா" என்று எழுதியது டுவேன். நானாக இருந்தால் வேறு எழுதியிருப்பேன். அதைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளாதே, எனக்குத் தெம்பு இல்லை.

டுவேன் ஒரு பெரிய வரைபடம் வாங்கி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு மையில் பதினேழு வட்டம் போட்டிருந்தார். போன வாரம் அதைக் கழற்றி மடித்து இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"சுவத்துல ஈரம் இறங்குது. வீணாப் போயிடும்" என்றார்.

ஈரம் உண்மைதான். இருந்தாலும் நான் குளிக்கும் இடத்தில் போய் நின்று அழுதேன். அங்கே அழ வேண்டுமென்றால் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அழ வேண்டும். கேலப் இந்தக் காலாண்டில் என்னைப் பாராட்டினான். மரத்தை எடுக்கச் சொல்லி உன்னை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று மறுபடியும் சொன்னான்.

டோரீன்


மார்ச் 17
டேவிட் சிட்டி

டோரீன்,

இதோடு உன் நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தை வைத்திருக்கிறேன். மனிதவளப் பிரிவு என்று உறையில் இருந்ததால் திறந்தேன். திறந்தது தப்பென்றால் திட்டிக்கொள். கடந்த ஆகஸ்டிலிருந்து நீ எந்த மாநிலத்தில் இருந்து வேலை செய்கிறாய் என்று கேட்கிறார்கள். ஆதாரத்தோடு ஏப்ரல் பதினைந்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. முட்டைக்கோஸ் சாலட்டும் பரிமாறுவதும் என் பொறுப்பு. இரண்டு வாரம் முன்பு வரிசையில் நின்ற கானி, எல்லோர் காதிலும் விழும்படி, "டோரீன் பாதி வழியிலேயே நின்னுட்டாளாமே, எங்க வீட்டுக்காரர் கேள்விப்பட்டாராம்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மாசமா அரிசோனாவுல ராணி மாதிரி இருக்கா, போட்டோ காட்டவா?" என்றேன். போட்டோ எதுவும் என்னிடம் இல்லை. கானியின் மருமகள் உன் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறாள் என்பது வறுவலை எடுத்து அவள் தட்டில் வைக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதுதான் நடந்தது. பெரிய துண்டாகவே வைத்துத் தொலைத்தேன்.

மார்செல்லா


மார்ச் 23

அக்கா,

உன் கடிதம் டகோடாவைச் சுற்றி நேற்றுத்தான் கிடைத்தது. முதலில் உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். நல்ல பக்கங்கள். "வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காதவள், முட்டைக்கோஸுக்கு முன்னால் திறந்தாள்" என்று ஒரு வரிகூட இருந்தது. டுவேன் படித்துவிட்டு, "இதை அனுப்பினா நீ மனுஷி இல்ல. உண்மையை எழுது. இல்லேன்னா நான் எழுதறேன், எனக்கு எழுத்துப் பிழை வரும்" என்றார்.

எழுதுகிறேன். மேலே ஊர் போடாததைப் பார்த்திருப்பாய்.

நாங்கள் அரிசோனாவில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கிளம்பிய இரண்டாம் நாளே பிக்கப்பின் கியர் பெட்டி போய்விட்டது. இழுத்துக்கொண்டு வந்து விட்ட இடம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சரளைக்கல் முகாம். காற்றாலைக் கோபுரம் நட வந்த தொழிலாளர்கள் தங்குகிற இடம். ஒரு பக்கம் லாரி நிறுத்தம், மறு பக்கம் மாட்டுப் பட்டி. உன் வீட்டிலிருந்து ஐம்பத்திரண்டு மைல். வண்டியைச் சரி செய்து கொடுக்க அக்டோபர் ஆனது. அதற்குள் எனக்குத் தைரியம் போய்விட்டது. மாநில எல்லையைத் தாண்டினால் கணினி காட்டிக்கொடுத்துவிடும், வேலை போய்விடும், டுவேனுக்கு மறுபடி மூச்சு வாங்கினால் என்ன செய்வேன் என்று ஒரே நினைப்பு. அந்த விதிக்குப் பயந்து ஒரு மைல்கூட நகரவில்லை. குளிர்காலம் முழுக்க கேரவனைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். கள்ளியெல்லாம் பக்கத்து கேரவன் மெர்ல் சொன்னது. அவர் போன வருஷம் போயிருக்கிறார்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை? நாற்பது பேர் நடுவில் நீ சொன்னது இரண்டே நாளில் பலித்துவிட்டது. பனி விழக்கூட இல்லை. அந்த முகத்தோடு எப்படி வருவேன்?

வேடிக்கை பார். நிறுவனத்திடம் நான் மாநில விஷயத்தில் பொய்யே சொல்லவில்லை. நெப்ராஸ்காவை விட்டுப் போகாத ஒழுங்கான ஊழியர் நான். பொய் சொன்னது உன்னிடம் மட்டும். நீ அதை நம்பிப் பெருமையடித்து, இப்போது அந்தப் பொய் என் வேலையைக் கேட்டு வந்து நிற்கிறது.

என்னிடம் ஆதாரம் இல்லை. முகாம்காரர் ரசீது கொடுக்கிற ஜாதி இல்லை, தலையை ஆட்டுவதோடு சரி. நான் உன் வீட்டுப் பின்னறையில்தான் இத்தனை மாதமும் இருந்தேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உன்னிடம் நான் எதையும் கேட்கும் நிலையில் இல்லை என்று தெரியும். டுவேனுக்காகக் கேட்கிறேன்.

விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். நேராக அனுப்பு.

டோரீன்


ஏப்ரல் 3
டேவிட் சிட்டி

டோரீன்,

பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு செய்தேன்.

உன் கடிதங்களை உறையோடு ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை லிங்கன் நகரத்துக்கு, உன் நிறுவனத்துக்கே போனேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். பேரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கிறிஸ்துமஸ் மரத்து அக்காவா நீங்க? இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

உறைகளை ஒன்றொன்றாக மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் அஞ்சல் முத்திரை, தேதி. அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி, மார்ச். எல்லாவற்றிலும் ஒமாஹா, நெப்ராஸ்கா. "உள்ளே என்ன எழுதியிருந்தாலும் வெளியே இருக்கிறதைப் பாரும்மா. என் தங்கை இந்த மாநிலத்தை விட்டுப் போகவே இல்லை" என்றேன்.

ஆமாம், எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் இருந்தே தெரியும். அரிசோனாவில் போட்ட கடிதத்துக்கு ஒமாஹாவில் எவன் முத்திரை குத்துவான்? உறையைத் திருப்பிப் பார்க்காத ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். காற்று அடித்ததா என்று கேட்டேன், கம்பளி அனுப்பினேன், நீ கள்ளியை விட்டு இறங்குவதாக இல்லை. கானியிடம் நான் அரிசோனா என்று அடித்துச் சொன்னது நம்பியதால் இல்லை. உன்னைப் பார்த்து அவள் சிரிக்கக் கூடாது. சிரிப்பதென்றால் நான் சிரித்துக்கொள்வேன்.

அந்தப் பெண் முத்திரைகளை எல்லாம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "இது எதுவுமே வேண்டாம்மா" என்றாள். அந்தக் கடிதம் வீட்டிலிருந்து வேலை செய்யும் நானூறு பேருக்கும் போனதாம். வரிப் படிவத்துக்காக மாநிலத்தின் பெயர் வேண்டும், அவ்வளவுதான், ஆதாரம் என்றது சும்மா சம்பிரதாயத்துக்காம். கானியின் மருமகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவள் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறாள். "மாநிலத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு விதி இருக்கே?" என்றேன். "அதைப் போன செப்டம்பர்லயே எடுத்துட்டாங்களே. இப்ப எந்த மாநிலத்துல வேணாலும் இருக்கலாம். எல்லாருக்கும் மின்னஞ்சல் போச்சு" என்றாள்.

திரும்பி வரும்போது வழியில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் வைக்கோலுக்குள் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கேரவன் முப்பது அடி என்றாய். என் வீட்டுப் பக்கவாட்டில் கார் நிறுத்தும் பாதை நாற்பத்தொரு அடி. டிசம்பரிலேயே அளந்துவிட்டேன். வருவதென்றால் வா. வராவிட்டால் அரிசோனாவுக்கே போ, ஆனால் போனால் நிஜமாகப் போ.

மார்செல்லா


ஏப்ரல் 6

அக்கா,

சனிக்கிழமை காலை வருகிறோம். கேலப்பிடம் கேரவன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அட, இவ்வளவுதானா? மரம்?" என்றான். மரத்தை எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். பதின்மூன்று பேரும் கை தட்டினார்கள். உனக்கு இன்னொரு அட்டை வரும்.

உன் வாசலில் எத்தனை நாள் என்று கேட்காதே. டுவேன் வரைபடத்தை மறுபடி விரித்திருக்கிறார். ஈரத்தில் மேற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. கிழக்கே போகலாம் என்கிறார். எங்கே போனாலும் நான் காலை எட்டு மணிக்கு வேலையில் உட்கார வேண்டும், இன்னும் ஆறு வருஷம். முதலில் உன் வீட்டில் ஒரு வாரம் முழங்கையை விரித்து வைத்துக் குளிக்கிறேன். முப்பத்தெட்டுப் பெட்டியையும் நாம் இரண்டு பேரும் பிரித்துப் போடுவோம். "வேண்டுமா"வை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். கானி எட்டிப் பார்த்தால், அரிசோனாவில் வெயில் தாங்கவில்லை, திரும்பிவிட்டோம் என்று சொல்லலாமா? நீயே முடிவு செய்.

விதியை எடுத்தது போன செப்டம்பரிலேயே என்பதை டுவேனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன், நீ பக்கத்தில் இருக்கும்போது.

அந்த மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வந்திருக்கிறது. நான் படிக்காமல் விட்டிருப்பேன் என்றுதான் நினைத்தேன். அதற்குக் கீழேயே, நான்கு நிமிஷத்தில், எழுதிய ஞாபகமே இல்லாத என் பதில் இருக்கிறது: "அருமையான செய்தி! மிக்க நன்றி!"

டோரீன்